மன்னார்க் கடலும் மனிதக் குருதியும்

(எமது சங்கத்தின் சொற்பொழிவு வரிசையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பேச்சைத் தொடங்குமுன் எல்லோரும் ஒரு சிறு காரியம் செய்வோம். வலக்கையின் மூன்று விரல்களை இடக்கை மணிக்கட்டிலே, பெருவிரற் பக்கமாக, மெல்ல வைத்துப் பார்ப்போம். நாட்டு வைத்தியர் நாடி பிடிக்கும் இடம் அதுவே. விரலின் கீழே ஏதோ ஒன்று துள்ளுகிறதன்றோ? சும்மா இருக்கும் ஒருவருக்கு அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 தடவை துள்ளும். இப்பேச்சு அரை மணி நேரம் நீடித்தால், அதற்குள் நம் ஒவ்வொருவரின் நாடியும் இரண்டாயிரம் தடவைக்கு மேல் துள்ளிவிடும். நாம் கட்டளையிடுவதில்லை, கூலியும் கொடுப்பதில்லை. நாம் உறங்கும்போதும் அந்த ஊழியம் நடக்கிறது.

அந்த ஊழியத்தைப் பற்றிச் சில வார்த்தை பேச வேண்டும் என்று சங்கத்தார் கேட்டார்கள். பாடப் புத்தகத்தில் உள்ளதை ஒப்புவித்துவிட்டுப் போக எமக்கு மனம் வரவில்லை. இரத்தவோட்டத்தின் அருமையையும் அதன் ஆபத்தையும் உலகில் எங்காவது கண்ணாரக் காணலாம் என்றால், அது நமது மன்னார்க் கடலிலேதான். மூச்சை அடக்கி முத்துக்குளித்த முன்னோரின் கடல் இது. காற்றடைத்த சிலிண்டரை முதுகிற் கட்டிக்கொண்டு சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்கும் இன்றைய வாலிபர்களின் கடலும் இதுவே. ஆகவே இக்கடலையே எமது பாடசாலையாகக் கொள்வோம்.

முதலில் இருதயத்தைப் பார்ப்போம். அவரவர் கைமுட்டி அளவே உள்ள ஒரு தசைப்பை அது. நிறை ஏறக்குறைய 300 கிராம். அதனுள் நான்கு அறைகள் உள்ளன. மேலே உள்ள இரண்டும் சோணையறைகள்; வரும் இரத்தத்தை ஏற்பவை. கீழே உள்ள இரண்டும் இதயவறைகள். ஏற்றதை வெளியே தள்ளுபவை. வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் நடுவே சுவர் உண்டு. அறைக்கு அறை கதவுகளும் உண்டு. அக்கதவுகள் ஒரு பக்கமாகவே திறக்கும். சென்ற இரத்தம் திரும்பி வர விடா. வைத்தியர் குழாய் வைத்துக் கேட்கும் 'லப் டப்' என்னும் ஓசை இக்கதவுகள் மூடும் ஓசையே.

இரத்தம் செல்லும் வழிகள் இரண்டு. நமது கோயில்களில் உள்வீதி, வெளிவீதி என்று இரண்டு உண்டல்லவா? அதைப் போல என்று கொள்ளலாம். வலது இதயவறையிலிருந்து புறப்படும் இரத்தம் சுவாசப்பைக்குச் சென்று, அங்கே கரியமில வாயுவை விட்டு, ஒட்சிசனை ஏற்று, இருதயத்தின் இடப்பக்கத்துக்குத் திரும்புகிறது. இது உள்வீதி உலா, குறுகிய வழி. பின்னர் இடது இதயவறை அதே இரத்தத்தைப் பெருநாடி வழியாக உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அனுப்புகிறது. இது வெளிவீதி உலா, நெடிய வழி. உள்வீதி சுற்றாமல் வெளிவீதிக்குப் போக ஒரு துளி இரத்தத்துக்கும் அனுமதியில்லை. ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லிலீற்றர் வீதம், நிமிடத்துக்கு 5 லீற்றர் இரத்தம் புறப்படுகிறது. வளர்ந்த ஒருவர் உடம்பில் உள்ள மொத்த இரத்தமும் ஏறக்குறைய அவ்வளவே. ஆதலின் உடம்பின் இரத்தம் முழுவதும் ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று வந்துவிடுகிறது எனலாம்.

இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்த இந்த உண்மை ஒரு காலத்தில் பெரும் பண்டிதர்களுக்கும் தெரியாதிருந்தது. உணவிலிருந்து ஈரலிலே இரத்தம் புதிது புதிதாக உண்டாகி, உறுப்புக்களிலே செலவழிந்துபோகிறது என்று ஐரோப்பிய வைத்தியர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நம்பியிருந்தனர். வலப்பக்கத்து இரத்தம் சுவாசப்பை வழியாகவே இடப்பக்கம் சேர்கிறது என்பதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இபுனுல் நபீஸ் என்ற அராபிய வைத்தியர் எழுதிவைத்தார். பின்னர் இங்கிலாந்தில் வில்லியம் ஹாவி என்பவர் 1628 இல் முழுச் சுற்றையும் விளக்கி நூல் வெளியிட்டார். அவர் கையாண்ட வழி வெறும் கணக்குத்தான். ஒரு துடிப்புக்கு இவ்வளவு, அரை மணிக்கு எத்தனை துடிப்பு என்று பெருக்கிப் பார்த்தார். வந்த தொகை உடம்பில் உள்ள முழு இரத்தத்திலும் மிகுந்திருந்தது. அவ்வளவு இரத்தத்தை எந்த உணவாலும் ஆக்க முடியாது; ஆகவே சென்றதே திரும்பி வரவேண்டும் என்று முடிவு கட்டினார். நாடியிலிருந்து நாளத்துக்கு இரத்தம் கடக்கும் நுண்ணிய வழியை மட்டும் அவர் காணவில்லை. 1661 இல் இத்தாலியரான மல்பீசி தவளையின் சுவாசப்பையை நுணுக்குக்காட்டியில் வைத்து அதையும் கண்டார். மயிரிலும் மெல்லிய அக்குழாய்களையே மயிர்த்துளைக் குழாய்கள் என்கிறோம். அவற்றின் சுவர் ஒரே ஒரு கலத்தின் கனமுடையது. கொடுக்கல் வாங்கல் எல்லாம் அச்சுவரின் ஊடாகவே நடைபெறுகின்றன.

கொடுக்கப்படுவது யாது? முதன்மையானது ஒட்சிசன். அதைச் சுமக்கும் தோணிகள் செங்குழியங்கள். ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில் அவை ஏறக்குறைய 50 இலட்சம் உள்ளன. எலும்பு மச்சையிலே பிறந்து, ஏறக்குறைய 120 நாள் உழைத்து அழிகின்றன. அவற்றின் உள்ளே இருக்கும் ஈமோகுளோபின் என்னும் இரும்புச் சத்துள்ள பொருளே ஒட்சிசனைப் பற்றிக்கொள்கிறது. இரத்தத்தின் செந்நிறமும் அதனால் வந்ததே.

இனிக் கடலுக்குப் போவோம்.

அரிப்புக் கரையில் இடிந்து நிற்கும் மாளிகையை நம்மிற் பலர் பார்த்திருப்பார்கள். 1798 முதல் 1805 வரை இங்கே தேசாதிபதியாக இருந்த பிரடெரிக் நோர்த் முத்துச் சலாபத்தை மேற்பார்வை செய்வதற்காகக் கட்டியது அது. அதற்குத் தெற்கே மரிச்சுக்கட்டி. சலாபம் நடைபெறும் காலத்தில் அந்த வெறும் மணற்கரையிலே ஒரு பட்டினமே முளைத்துவிடும். தமிழகக் கரையிலிருந்து பரதவரும், கீழக்கரை முஸ்லிம்களும், தொலைவிலிருந்து அராபியரும் குளிக்க வருவார்கள். 1905 இல் நடந்த சலாபம் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அடுத்த ஆண்டே முத்துப்பார்கள் ஒரு கம்பனிக்குக் குத்தகையாகப் போயின. 1907 இற்குப் பின் பல ஆண்டுகள் சலாபமே நடக்கவில்லை. இன்று அது பழங்கதையாகிவிட்டது.

குளியாளி இறங்கும் முறை எளியது. ஒரு பாரக்கல்லிலே காலை ஊன்றி, மூக்கை அடைத்து, மூச்சை அடக்கி இறங்குவான். கல் அவனை அடிக்குக் கொண்டுபோகும். கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பான். தோணியிலிருப்பவன் உடனே இழுத்துவிடுவான். ஆழம் 5 பாகம் முதல் 10 பாகம் வரை. நீருக்குள் நிற்கும் நேரம் பெரும்பாலும் ஒரு நிமிடம். வல்லவர்க்கு அதற்குச் சற்று மேல். கயிறு பிடிக்கும் வேலையை மைத்துனனிடமே கொடுப்பார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். தங்கை தாலியை நினைத்தாவது அவன் கயிற்றை விடமாட்டான் என்பது அதன் பொருள்.

அந்த ஒரு நிமிடத்தில் உடம்பினுள் நடப்பது வியக்கத்தக்கது. முகம் நீரில் அமிழ்ந்து மூச்சும் நின்றவுடன் இருதயம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. கை கால்களுக்குச் செல்லும் நாடிகள் சுருங்குகின்றன. இருக்கின்ற ஒட்சிசன் மூளைக்கும் இருதயத்துக்கும் உரியதாக ஒதுக்கப்படுகிறது. பஞ்ச காலத்தில் வீட்டுத் தலைவி தன் பங்கைக் குறைத்துக் குழந்தைக்கு ஊட்டுவதைப் போன்றது இது. மண்ணீரலும் சுருங்கித் தன்னிடம் சேமித்துள்ள செங்குழியங்களை இரத்தத்திலே சேர்க்கிறது. திமிங்கிலமும் கடல்நாயும் நெடுநேரம் நீரில் மூழ்கியிருக்க இத்தகைய உபாயங்களும் உதவுகின்றன. அவுஸ்திரேலியாவுக்கு வடக்கே தொறஸ் நீரிணையில் முத்துக்குளிப்போரைச் சோதித்து, மனிதருக்கும் இவ்வாறு இருதயம் தணிகிறது என்று சொலாண்டர் என்னும் அறிஞரும் அவர் கூட்டத்தாரும் 1962 இல் எழுதினார்கள். இந்தோனேசியாவில் தலைமுறை தலைமுறையாகக் கடலில் மூழ்கி வாழும் பஜாவு மக்களின் மண்ணீரல் அயலில் வாழும் மக்களுடையதிலும் ஏறக்குறைய அரைப்பங்கு பெரிது என்று 2018 இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கூறிற்று. நம் முன்னோரை எவரும் இவ்வாறு அளந்து பார்த்ததாக நாம் அறியோம். ஆயினும் அவர்கள் உடம்பிலும் இதே விதிதான் வேலை செய்தது.

இங்கே வாலிபர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'மூச்சு முட்டுகிறது, மேலே போ' என்று நமக்குச் சொல்வது ஒட்சிசன் குறைவு அன்று. இரத்தத்தில் ஏறும் கரியமில வாயுவே. சிலர் இறங்குமுன் பலமுறை வேகமாக மூச்செறிந்து அவ்வாயுவை வெளியேற்றிவிட்டு மூழ்குவர். அப்போது மூச்சு முட்டாது; நெடுநேரம் நிற்கலாம் போல இருக்கும். ஆனால் உள்ளே ஒட்சிசன் தீர்ந்துகொண்டேயிருக்கும். எச்சரிக்கை வருமுன் மயக்கம் வந்துவிடும். குளத்திலும் கேணியிலும் பந்தயம் பிடித்து மூழ்கும் பிள்ளைகள் இதை மறக்கலாகாது. காவற்காரனைத் துரத்திவிட்டு வீட்டுக்குள் உறங்குவது போன்ற மடமை அது.

இனி இக்காலத்துக்கு வருவோம். 1943 இல் பிரான்சில் கூஸ்தோவும் காஞானும் காற்றுச் சிலிண்டரோடு கூடிய மூழ்கு கருவியை ஆக்கினார்கள். அது உலகெங்கும் பரவி நமது கரைக்கும் வந்தது. ஒரு நிமிடம் நின்ற இடத்தில் அரை மணியும் அதற்கு மேலும் நிற்கலாம் என்றாயிற்று. இது பெரிய வரம். ஆனால் வரத்தோடு ஒரு கடனும் வந்தது. அக்கடன் ஏறுவது இரத்தத்திலே.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கே ஒட்சிசன். ஏறக்குறைய நான்கு பங்கு நைதரசன். நைதரசன் உடம்புக்கு உதவுவதுமில்லை, தரையிலே தீங்கு செய்வதுமில்லை. ஆனால் கடலில் 10 மீற்றர் இறங்குந்தோறும் நீரின் அமுக்கம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. 20 மீற்றர் ஆழத்தில் உடம்பின் மேல் தரையிலுள்ளதைப்போல மூன்று மடங்கு அமுக்கம். அங்கே சிலிண்டர் தரும் காற்றும் அதே அமுக்கத்தில்தான் வரும். அப்போது நைதரசன் மிகுதியாக இரத்தத்தில் கரைகிறது. இரத்தம் அதைச் சுமந்துபோய் மூளை, முள்ளந்தண்டு, மூட்டு, கொழுப்பு என்று எங்கும் இறக்கிவைக்கிறது. நேரம் செல்லச் செல்லச் சுமை ஏறுகிறது. அப்பொழுது ஒரு நோவும் தெரியாது.

சோடாப் போத்தலை நினைத்துப் பாருங்கள். மூடியிருக்கும்போது உள்ளே ஒரு குமிழியும் தோன்றாது. திடீரென்று திறந்தால் பொங்கி வழிகிறது; மெல்ல மெல்லத் திறந்தால் அடங்கியிருக்கிறது. ஆழத்திலிருந்து விரைந்து மேலே வருபவனின் உடம்பு சட்டெனத் திறந்த சோடாப் போத்தலே. கரைந்திருந்த நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் குமிழிகளாகிவிடுகிறது. மெதுவாக வந்தால் இரத்தம் அதைச் சிறிது சிறிதாகச் சுவாசப்பைக்குக் கொண்டுவந்து மூச்சோடு வெளியே விட்டுவிடும். சுமை இறக்க இரத்தத்துக்கு அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தை நாம் கொடுக்கிறோமா இல்லையா என்பதே உயிருக்கும் ஊனத்துக்கும் நடுவே நிற்கும் கேள்வி.

முன்னோருக்கு இந்நோய் பெரும்பாலும் வராததன் காரணமும் இதுவே. ஒரு மூச்சுக் காற்றோடு போய் ஒரு நிமிடத்தில் மீண்டவருக்கு ஏறிய நைதரசன் சிறிது. ஆயினும் பசுபிக் கடலின் துவாமோத்துத் தீவுகளில், மூச்சடக்கியே மிக ஆழத்துக்கு ஒரு நாளில் பல தடவை இறங்கிய முத்துக்குளிப்போருக்கு மயக்கமும் கைகால் வழங்காமையும் வந்ததுண்டு. அங்கே அதற்குத் 'தரவனா' என்று பெயர். இரத்தம் சிறு கடனையும் கணக்கில் வைக்கிறது என்பதற்கு அது சான்று.

சில ஆண்டுகளுக்கு முன் பெருநிலக் கரையிலுள்ள ஒரு மீனவக் கிராமத்தில் ஒரு வாலிபரைச் சந்தித்தோம். அன்று காலை அவர் சிலிண்டர் மாற்றி மாற்றிப் பல தடவை சங்குக்கு இறங்கியிருந்தார். கடைசித் தடவை காற்றுத் தீரப்போகிறது என்று விரைந்து மேலே வந்தாராம். தோணியில் ஒன்றும் தெரியவில்லை. வாடியிலே சோறுண்டு எழும்ப முயன்றபோது கால் இரண்டும் தம்முடையவையாகவே இருக்கவில்லை என்று சொன்னார். சிறுநீரும் இறங்கவில்லை. வீட்டார் காற்றுச் சேட்டை என்று எண்ணி எண்ணெய் பூசித் தடவினார்கள். ஓர் இரவு அவ்வாறே கழிந்தது. அந்த இரவு திரும்பி வராத இரவாயிற்று. நாம் கண்டபோது அவர் கோலூன்றி நடந்துகொண்டிருந்தார். வயது முப்பதுகூட ஆகவில்லை. முள்ளந்தண்டிலே குமிழிகள் இரத்தவோட்டத்தைத் தடுத்ததனால் வந்த விளைவு அது. அவரைக் குற்றம் சொல்ல எமக்கு வாய் வரவில்லை. ஒரு சிலிண்டருக்கு இவ்வளவு சங்கு என்று வீட்டுச் செலவே கணக்குப் போடும்போது, இரத்தத்தின் கணக்கை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இந்நோய் புதிதன்று. பிரான்சில் போல் பேர் என்பவர் 1878 இலேயே நைதரசன் குமிழிகளே காரணம் என்று காட்டிவிட்டார். 1908 இல் இங்கிலாந்தில் ஹோல்டேன் என்பவர் ஆடுகளை அமுக்க அறையில் வைத்துச் சோதித்து, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்றவன் எங்கெங்கே தரித்துத் தரித்து மேலே வரவேண்டும் என்று அட்டவணை வகுத்தார். அறிவு நூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகில் இருக்கிறது. வாடிக்கு மட்டும் அது வந்துசேரவில்லை.

ஆதலின் சிலிண்டரோடு இறங்கும் அன்பர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் சில வார்த்தைகளைத் திருப்பித் திருப்பிச் சொல்ல விரும்புகிறோம்.

மேலே வரும்போது மெல்ல வாருங்கள். நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் ஏறவேண்டாம். உங்கள் மூச்சின் சிறு குமிழிகளை முந்தக் கூடாது. 5 மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடமாவது தரித்து நில்லுங்கள். ஏறும்போது ஒருபோதும் மூச்சை அடக்கவேண்டாம். அடக்கினால் சுவாசப்பையில் உள்ள காற்று விரிந்து, அதைக் கிழித்து, நேரே இரத்தத்துள் புகும். அது நொடியில் உயிர் கொல்லும். ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் நடுவே நல்ல இடைவெளி விடுங்கள். முந்திய கடன் தீருமுன் அடுத்த கடன் ஏறினால் வட்டியே ஆளைக் கொல்லும். சிலிண்டரில் காற்று மீதி இருக்கும்போதே புறப்படுங்கள். அப்போதுதான் தரித்து நிற்க முடியும்.

மேலே வந்தபின் மூட்டு நோவு, தோலரிப்பு, தலைச்சுற்று, கால் விறைப்பு, சிறுநீர் தடைப்படுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அது கடலின் நோய் என்றே கொள்ளுங்கள். ஆளைப் படுக்க வையுங்கள். தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், 'சிலிண்டரோடு கடலில் இறங்கியவர்' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கலப்பில்லாத ஒட்சிசன் உடனே கொடுக்கப்பட வேண்டும். அது நைதரசனை இரத்தத்திலிருந்து விரைவாக வெளியேற்றும். அமுக்க அறையில் வைத்துக் குமிழிகளைச் சுருக்குவதே உரிய சிகிச்சை. அந்த அறை எல்லா வைத்தியசாலையிலும் இராது. ஆகவேதான் ஒவ்வொரு மணி நேரமும் பொன்னாகிறது. நோவைத் தீர்க்க மறுபடி கடலில் இறங்குவதும், சாராயம் குடித்துப் படுப்பதும் ஆபத்தை மிகுவிக்கும்.

சபையோர்களே, பழைய முத்துத் தோணியை மறுபடியும் நினைத்துக்கொள்வோம். நீரின் கீழே ஒருவன். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவன். கீழே இருப்பவனின் உயிர் மேலே இருப்பவனின் கையில். இன்று சிலிண்டர் வந்தபின் அந்தக் கயிறு அறுந்துவிட்டது. இறங்குபவன் தனியே இறங்குகிறான். அவன் எத்தனை நிமிடம் நின்றான், எத்தனை தடவை இறங்கினான் என்று எண்ணுவாரில்லை. அக்கயிற்றை மறுபடி யார் பிடிப்பது? நமது சங்கம் போன்ற சங்கங்கள்தாம் பிடிக்கவேண்டும். வாடிதோறும் சென்று இவ்விதிகளைச் சொல்லலாம். ஒரு தோணிக்கு ஒருவராவது நேரமும் ஆழமும் குறித்துவைக்கப் பழக்கலாம். ஒட்சிசன் சிலிண்டர் ஒன்றைக் கரையில் ஆயத்தமாக வைக்கவும், அதைக் கையாளத் தெரிந்த இருவரைப் பயிற்றவும் முயலலாம். கடலில் இறங்குபவர் எந்தச் சமயத்தவர், எந்த ஊரவர் என்று பார்க்க வேண்டியதில்லை. எல்லோர் உடம்பிலும் ஓடுவது அதே ஐந்து லீற்றர்தான்.

பேச்சின் தொடக்கத்தில் வைத்த விரல்களை மீண்டும் ஒருமுறை மணிக்கட்டிலே வையுங்கள். அதே துள்ளல். நாம் கேளாமலே நமக்காக உழைக்கும் அந்த ஊழியன் நம்மிடம் கேட்பது ஒன்றே: கொஞ்சம் அவகாசம். அதை நமக்கும் கொடுப்போம். நம் கடலில் இறங்கும் தம்பிமாருக்கும் பெற்றுக் கொடுப்போம்.